அம்மாவின் சீட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், சர்க்கரையும் இப்போதைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே குளிருக்குப் பழகி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சாப்பிட்டீங்களா தூங்கினீங்களா என்பதோடு முடிந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மா போனதிலிருந்து கார் ஷெட்டில் சும்மா நிற்கிறது, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கேட்கிறாரே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாய். நியாயம்தான், ஓட்டத் தெரியாதவனுக்குக் கார் எதற்கு. ஆனால் டாக்டர் வந்து சாவி கேட்டபோது, நானே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. சொன்னபின் பின்வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, டாக்டர் கதையையும் சொல்லி, நம் வண்டியிலேயே சொல்லித் தரக் கேட்டுக்கொண்டேன். சிரிக்காதே. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மெதுவா போ, பிரேக் போடு என்று அம்மாவை நச்சரித்தவன் நான். வாயால ஓட்டுறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்ல என்பாள். இப்போது கியர் போட்டுக் கிளட்சை விடுவதற்குள் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடுகிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டே என் கை ஓய்ந்தது.

சொல்லித் தருகிறவர் முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டிய அம்மாள், தொண்டை பெரிசு. முதல் நாளே, சார் முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது, சீட்டைப் பின்னாடி தள்ளுங்க, கால் நீட்ட இடமில்லாம கிளட்சை எப்படிப் பதமா விடுவீங்க என்றார். லீவர் இறுகிவிட்டது என்று பொய் சொன்னேன். அம்மா குள்ளம் அல்லவா, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்ட மாதிரி உட்காருவாள். கடைசியாக அவள் இறங்கியபோது சீட் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. அவள் துணிமணிகளை நீயும் அத்தையும் மடித்துக் கொடுத்துவிட்டீர்கள், சமையலறையைச் சமையல்காரம்மா தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார், யாரையும் குறை சொல்லவில்லை. அவள் வைத்தது வைத்தபடி இருப்பது அந்த சீட் ஒன்றுதான். வீட்டில் இருப்புக் கொள்ளாத சாயங்காலங்களில் ஷெட்டுக்குப் போய் என் பழைய இடத்தில், அவள் சீட்டுக்குப் பக்கத்தில், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் மேட்டில் சிக்னல் விழுந்து வண்டியை எடுக்கும்போது முட்டி இடித்துக் கால் நழுவி, வண்டி பின்னால் உருண்டுவிட்டது. பின்னால் ஸ்கூட்டரில் ஒரு தாயும் குழந்தையும். சொல்லித் தருகிற அம்மாள் ஹேண்ட்பிரேக்கை இழுத்ததால் மயிரிழையில் தப்பினார்கள். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஓரங்கட்டச் சொல்லி, சீட்டைத் தள்ள மாட்டேன்னா வண்டியை டாக்டர்கிட்டயே கொடுத்துடுங்க சார் என்றார். குனிந்து லீவரை இழுத்தேன். உன் அம்மா எண்ணெய் போட்டு வைத்திருப்பாள் போல, ஒரே தள்ளில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நடுத்தெருவில் அழுதேன். அதற்கப்புறம் வீடு வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நன்றாகத்தான் ஓட்டினேன், பார்க்கத்தான் அவள் இல்லை.

ஆகையால் வண்டியை டாக்டருக்குக் கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பேத்திக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

மறக்காதே, ஒரு காரியம் உன்னால்தான் ஆக வேண்டும். தினமும் வண்டியை ஷெட்டில் விட்டதும் சீட்டை முன்னால் இழுத்து வைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவசரத்தில் அளந்து பார்க்காமல் தள்ளிவிட்டேனா, சரியாக அந்த இடம்தானா என்று தெரியவில்லை. உனக்கு அம்மாவின் உயரம்தான். லீவில் வரும்போது ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துச் சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா