ஆரத்தித் தட்டு

தை 15, புதன்

ஐம்பது வருடத்துக்கு முன் கம்யூனிஸ்ட்காரர்களோடு நடந்த காட்டுச் சண்டையில் காணாமல்போன பட்டாளத்துக்காரர், என் கணவரின் அண்ணன், எலும்பாகக் கிடைத்துவிட்டார். என் கணவர் கொடுத்த ரத்தத்தோடு ஒத்துப்போகிறதாம். எலும்புப் பெட்டியை எப்போது கொண்டுவரட்டும் என்று ஈப்போ ராணுவ முகாமிலிருந்து காலையில் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். மலைமேல் கியா பார்ம் தோட்டத்தில் பூவுக்கும் சொல்லியாயிற்று. பெட்டி வந்தால் பதினாறு நாள் தீட்டு. வராதவரை தீட்டில்லை என்று நானே முடிவு செய்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அந்த அண்ணனின் மனைவி சரஸ்வதி அக்காவிடம் சொன்னேன். இத்தனை காலம் பொட்டும் தாலியுமாகக் காத்திருந்தவள், என் மகளை வளர்த்தவள். அழவில்லை.

"இவ்ளோ வருசம் காட்டுல கெடந்தவரு, இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும் லா. புள்ளைக்கு ஆரத்தி எடுத்துட்டு அப்புறமா அழுதுக்குறேன்."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். மங்கள காரியமாயிற்றே என்று, "ஆரத்திய வேற யாராச்சும் எடுக்கட்டும்க்கா. இனிமே நீங்க முன்னாடி நிக்கக் கூடாது" என்றேன்.

என்னையே பார்த்தாள். "அப்ப எனக்கு மட்டும் அவரு செத்துட்டாரா?"

அவளே முகாமுக்குப் போன் செய்தாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பெட்டியோடு லோரி வருகிறது. கல்யாணம் நின்றது.

மகள் மருதாணிக் கையோடு தூங்குகிறாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. மருதாணி வைத்துவிட்டதும் அக்காதான், போன் செய்து முடித்த பிறகு.