விடுப்பில் வந்த வாலு

ஜூன் 3, செவ்வாய்

வந்துவிட்டான்! எங்கள் வாலு போர்முனையிலிருந்து விடுப்பில் வந்துவிட்டான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நான் போட்ட சத்தத்தில், கீழே எங்கள் சலவைக்கடைக்குத் துணி கொண்டுவந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. இருபது வயதுப் பேரன் கை கால் முழுசாக வந்தால் கத்தாமல் என்ன செய்வது?

இளைத்திருக்கிறான். இவனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய புண்ணியவான் இவன் அப்பன், என் மாப்பிள்ளைதான். "ஆம்பளைப் பிள்ளை நாலு இடம் பாக்கட்டும் அத்தை" என்று என் வாயை அடைத்தார். தன் கல்யாணத்தில் என் தம்பியைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவரும் அவர்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை.

ஜூன் 5

இவன் குறும்பு போகவே இல்லை! மாடிக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளிருந்து கேட்கிறான், "அடையாளச் சொல் என்ன?" என்று. அங்கே அப்படித்தானாம். தினம் ஒரு சொல். தெரியாதவன் உள்ளே வர முடியாது.

நான் சும்மா இருப்பேனா? நாளைக்குச் சொல் வைப்பது நான்தான் என்று சண்டை போட்டு வாங்கிவிட்டேன்.

ஜூன் 6

இன்றைய சொல்: பந்தி. மாப்பிள்ளை வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "பந்தி" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது.

ஜூன் 8

"அம்மா, அவன் கட்டில்ல படுக்கறதே இல்லம்மா. கதவுக்குப் பின்னாடி உக்காந்தே கண்ணை மூடறான்" என்றாள் மகள்.

"பழக்கம்டி. போகப்போகச் சரியாயிடும்" என்றேன். நாளைய சொல்லை யோசிக்கும் மும்முரத்தில் இருந்தேன்.

ஜூன் 10

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

மத்தியானம் மாப்பிள்ளை இரண்டு கையிலும் துணிமூட்டையோடு மேலே வந்தார். "வெளையாட்டெல்லாம் போதும், தொறடா" என்று தோளால் இடித்தார். தாழ் பிய்த்துக்கொண்டது. மறுநொடி அவர் சுவரோடு சுவராக, இவன் முழங்கை அவர் கழுத்தில். "சொல்லு! சொல்லு!" மூச்சே வராத மனுஷனுக்குச் சொல் எங்கிருந்து வரும்? இவன் கண் அப்பாவைப் பார்க்கவே இல்லை — வேறு யாரையோ பார்த்தது.

நான்தான் கத்தினேன், இன்றைய சொல்லை. "கிழவி! கிழவி!"

கை தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"அன்னைக்குக் காவல்ல நான்தான் நின்னேன் பாட்டி. நம்ம ஆளுங்க குரல் மாதிரி இருந்துச்சு. சொல் கேக்காம விட்டுட்டேன். ஒல்லி செத்துட்டான்."

ஒல்லி முகாமில் அவன் பக்கத்துக் கட்டில்காரன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஐயோ, இதையா நான் விளையாட்டு என்று நினைத்தேன்? பந்தி, கிழவி என்று... சீ! எனக்கு மூளை எங்கே போயிற்று?

மாப்பிள்ளை கழுத்தைத் தடவிக்கொண்டே, "வெளிய சொல்லிடாதீங்க அத்தை, பைத்தியம்னு எழுதிடுவாங்க" என்கிறார். இவன் அதற்கு மேல்: "நாளன்னைக்கு ஆஸ்பத்திரிச் சோதனையில எல்லாம் சரின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடறேன். என் இடத்துல வேற யாரு நிப்பா?"

இந்த நிலையில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதா? நானா விடுவேன்?

ஜூன் 12

போனேன்! நானும் ஒட்டிக்கொண்டு பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போனேன்!

துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டுமாம். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டரம்மா கேட்கிறாள், இவன் சொல்கிறான்.

"தூக்கம் வருதா?"

"வருது."

"வீட்ல எல்லாரோடயும் எப்படி?"

"நல்லபடியா."

எவ்வளவுதான் பொறுப்பது? உள்ளே புகுந்துவிட்டேன். "பொய் டாக்டரம்மா! அத்தனையும் பொய்!" காவலாளி தடுக்க வந்தான். "தொட்டுத்தான் பாரேன்" என்றேன். ஒதுங்கிவிட்டான். கதவு, கழுத்து, ஒல்லி — எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"போதுமா பாட்டி? கோழைன்னு எழுத வெச்சுட்டே. செத்தாலும் இனி உன்கூடப் பேச மாட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படி எழுத இங்க எடமே இல்ல தம்பி. உக்காருங்க. ஒல்லி எப்படிப்பட்டவரு?"

என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் சத்தம் கேட்டது. முதலில் அவள் குரல். பிறகு இவன் குரல். பிறகு இவன் குரல் மட்டும்! நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பெஞ்சே ஆடியது.

ஜூன் 13

பேசவில்லை.

ஜூன் 20

இன்னும் பேசவில்லை. என் ரத்தம் அல்லவா? லேசில் விடாது.

ஜூலை 6

போர்முனைக்கு அனுப்பவில்லை. சிகிச்சை முடியும்வரை வீட்டில்தான். அவன் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் நாளில் மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போகிறார். வழியில் இருவரும் பேசிக்கொள்கிறார்களாம்.

இன்று சாப்பிட்டதும் கட்டிலில் சாய்ந்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன் — குறட்டை! மகள் போர்வையைத் துவைக்க எடுக்க வந்தாள். "கிட்ட வந்தே, காலை ஒடிச்சிடுவேன்" என்று விரட்டினேன். சத்தம் போடாமல் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்கு எழுந்தான். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அம்மா, உன் அம்மாகிட்டச் சொல்லு, காத்து பூரா என் பக்கமே வந்தா அவங்களுக்கு வேர்க்காதான்னு."

"வேர்க்கலைன்னு சொல்லுடி" என்றேன், நானும் அவளிடமே.