ஏழாவது டம்ளர்

ஞாயிறு இரவு.

இன்றைக்கு டூர் வந்தவர்கள் ஆறு பேர். நாகலூரில் காபித் தோட்டம் காட்டிவிட்டு, வழக்கம்போல ஸ்டெல்லா அக்கா வீட்டில் கேக்கும் திராட்சை ஒயினும். "வேண்டாம்னா அக்கா மனசு கஷ்டப்படுங்க" என்று எப்போதும் விடும் வசனத்தையும் சொன்னேன்.

வேன் கிளம்பிய பிறகு பார்த்தால் ஏழு டம்ளர்.

"டிரைவருக்குக் குடுத்தேன் கண்ணு. மொதல்ல வேண்டாம்னாரு. நீ சொன்னதக் கேட்டுட்டு ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு" என்றார் அக்கா.

சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. இன்றைக்கு மூடுபனி வேறு. டிரைவர் போன் ஸ்விட்ச் ஆஃப். 'வண்டிய ஓரங்கட்டுங்க' என்று மெசேஜ் அனுப்பி மூன்று மணி நேரம் ஆச்சு, இன்னும் ஒரே டிக்தான்.

வேண்டாம்னுதான் சொல்லியிருக்கார் அந்த மனுஷன்.