திருப்திப் படிவம்

மே 12, செவ்வாய்.

இன்று காலை கேட்டைத் தட்டியவன் அவனேதான். அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு, ஜெராக்ஸ் இல்லை, நாளைக்கு வா என்று ஐந்து முறை அலையவிட்ட குமாஸ்தா. அரசு சேவையில் மக்களுக்குத் திருப்தியா என்று வீடு வீடாகக் கேட்டுப் படிவம் நிரப்ப, அவனை எங்கள் சாரம் பகுதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெயிலில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"ஐடி கார்டு ஜெராக்ஸ் இருக்கா?" என்றேன்.

"ஒரிஜினலே இருக்கும்மா."

"ஜெராக்ஸ்தான் வேணும். எடுத்துட்டு நாளைக்கு வாங்க."

அவன் அன்று செய்ததைப் போலவே, முகத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். புரிந்துகொண்டு கூனிக்குறுகுவான் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா, நாளைக்கு வரேன்" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அதுதான் தூங்கவிடவில்லை. ஐந்து முறை அவன் மேசை முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு முறை அழவும் செய்தேன். பாவிக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

நாளை வரட்டும். உட்காரச் சொல்லி, காபியும் கொடுப்பேன். படிவத்தைத் திறந்ததும், என் அப்பாவின் பெயர் என்ன என்று கேட்பேன். தெரியாவிட்டால் மறுநாள் வரச் சொல்வேன்.