சட்டனில் ஓடிய பாதிப் படம்

மிச்சம், லண்டன்
2.3.2003

அன்புள்ள கிளறிற்றா மச்சாளுக்கு,

மடு மாதா உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

போனில் நீங்கள் கேட்டதற்கு இதில் பதில் எழுதுகிறேன். நீங்கள் மன்னாரில் போன் கடையில் நின்று கதைக்கும்போது பின்னால் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கேயே தெரிகிறது. அதுதான் "வேலையிடத்திலை நெஞ்சு வலி வந்தது" என்று சொல்லி வைத்தேன். அது பொய் மச்சாள். எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. உங்கள் தம்பி ஒரு வெள்ளைக்காரியின் வீட்டில் செத்தார்.

சட்டனில் கவுன்சில் பிளாட்டுகளின் படி கூட்டுகிற வேலைதானே அவருக்கு. ஒன்றரை வருசமாக ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் என்றார். பூசை முடிந்ததும் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். நானும் ஒரு மடைச்சி, ஞாயிறு என்று இறைச்சிக் கறியும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். செத்தவீட்டுக்கு வந்த ஜீவரத்தினம் அண்ணை அவரோடு ஒன்றாக வேலை செய்கிறவர். அவரைக் கேட்டேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டு, "ஞாயிறிலை எங்களுக்கு வேலையே இல்லைத் தங்கச்சி" என்றார்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. புருவத்துக்குக் கறுப்பு மை. நெற்றியில் கொஞ்சினேன், என் உதட்டில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது. உடுப்பு என்று ஒரு பையைத் தந்தார்கள். அதற்குள் அவருடைய சேட்டோடு முழங்கால் வரை வருகிற ஒரு கறுப்புக் கோட்டு. பழையது, பாரமானது. எங்கள் வீட்டுக் கோட்டு இல்லை.

இப்போது கல்லறைக்குக் கல் வைக்கவேண்டும். குழி இரண்டு பேருக்கானது. கல்காரர் போன் எடுத்து, அவர் பெயருக்குக் கீழே என் பெயருக்கு இடம் விடுவதா என்று கேட்கிறார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாருக்காகவோ பவுடர் பூசிக்கொண்டு போன மனிசனுக்குப் பக்கத்தில், உயிர்த்தெழும் நாள் வரை நான் படுத்துக் கிடப்பதா?

நீங்கள்தான் அவரைத் தூக்கி வளர்த்தவர்கள். என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருப்பார். மறைக்காமல் எழுதுங்கோ.

எமில்டா


மன்னார்
19.3.2003

எமில்டாவுக்கு,

உன் கடிதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த்தான் வாசித்தேன். வீட்டில் வைத்து வாசித்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

செத்து ஒரு மாதம் ஆகிறது, இப்போதுதான் எனக்கு உண்மை வருகிறது. இன்னும் எதை ஒளித்து வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. யாக்கோப்பு எப்படிச் செத்தான் என்பதை விட, அவன் எப்படி இருந்தான் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? கல்யாணத்துக்கு முந்தி எங்கள் கோயில் பெருநாளுக்கு வாசாப்பு நாடகம் ஆடினவன். அரச வேசத்தில் அவன் மேடைக்கு வந்தால் கிழவிகளும் எழும்பி நிற்பார்கள். அதை நிற்பாட்டியது நீ. அரசி வேசம் கட்டினவன் மீன்காரச் சூசையின் மகன், மீசை வைத்த ஆம்பிளை. அவனோடு கையைப் பிடித்து ஆடினதற்கே மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள்தானே நீ.

பிறகு நீ முந்தி லண்டனுக்குப் போனாய். அவன் ஐந்து வருசம் கழித்து, நாடு நாடாக அலைந்து வந்து கதவைத் தட்டினால், செயினைக் கழற்றாமல் இடுக்கால் பார்த்து "ஆர்?" என்று கேட்டாயாம். எனக்குப் போனில் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னான். சிரித்தபடி சொல்கிறவனுக்கு நோகாது என்று நினைக்காதே.

முகத்தில் வெள்ளை என்கிறாய். போன வருசம் அவன் என்னிடம், "அக்கா, வாசாப்புக்கு முகத்திலை பூசுற முத்துவெள்ளையை என்னத்திலை குழைச்சனாங்கள்?" என்று கேட்டான். தேங்காயெண்ணெயில் என்றேன். "ஏன்ரா?" என்றேன். "சும்மா" என்றான். நான் மேலே கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கல்லில் உன் பெயரைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் முடிவு எடுக்காதே.

கிளறிற்றா


மிச்சம்
6.4.2003

கிளறிற்றா மச்சாளுக்கு,

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. முத்துவெள்ளை பற்றிக் கேட்டது தெரியும், ஆனால் என்னிடம் ஒரு சொல்லு இல்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை வெளியில்தான் நிற்க வைத்திருக்கிறீர்கள்.

செயின் கதையை எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு பெட்டை தனிய இருந்த வீடு. தாடியும் மெலிவுமாக ஒருத்தர் வந்து நின்றால் யார் திறப்பாள்? நான் "ஆர்?" என்று கேட்டேன், அவர் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன் அல்லவா? என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் திறந்தேன். அந்த ஆளிடம் அன்றைக்குக் கேட்டதற்கு இன்றைக்கும் பதில் இல்லை.

நீங்கள் சொன்னபடி போனேன். ஆஸ்பத்திரிக் கடதாசியில் இருந்த விலாசத்தோடு பஸ் பிடித்து சட்டனுக்குப் போய், எதிர்ப்பக்கக் கடையில் பால் வாங்குகிற சாட்டில் அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயது போனவர்கள் பிடித்து நடக்கிற வண்டிலோடு ஒரு கிழவி ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த வெள்ளைக்காரியின் தாயாக்கும் என்று நினைத்தேன். மகள் வேலைக்குப் போயிருப்பாள், வரட்டும் என்று ஒரு மணித்தியாலம் நின்றேன். ஒருவரும் வரவில்லை.

போய் மணியை அடித்தேன். கிழவிதான் திறந்தாள். என்னைப் பார்த்தவுடன் "எமில்டா" என்றாள். இவளுக்கு என் பெயர் எப்படித் தெரியும்? அடுத்த சொல்லாக, "அந்தக் கோட்டு எங்கை?" என்றாள். செத்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை மச்சாள், கோட்டைக் கேட்கிறாள். நான் திரும்பிப் பாராமல் இறங்கி வந்துவிட்டேன்.

அந்தக் கோட்டைக் குப்பைப் பைக்குள் கட்டி வைத்திருக்கிறேன். தவக்காலத்தில் இப்படி எழுதக்கூடாது, ஆனால் எரித்துவிடலாம் என்று இருக்கிறது.

எமில்டா


மன்னார்
22.4.2003

அன்பு எமில்டா,

பாஸ்காப் பூசையில் உனக்கும் அவனுக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்தினேன். முதல் கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். அவன் போன பிறகு எனக்குக் கோபித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

கோட்டை எரிக்காதே. செத்தவன் உடம்பில் கிடந்த இரவல் உடுப்பை வீட்டில் வைத்திருப்பதும் சரியில்லை. கொண்டுபோய் உரியவளின் கையில் கொடு. கொடுத்துவிட்டு உடனே ஓடிவராமல் இருந்து கேள். எண்பது வயதுக் கிழவிக்காக ஒருத்தன் பவுடர் பூசினான் என்றால் அதில் வேறு என்னவோ இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பிடிவாதத்தோடு அவனை மண்ணுக்குள் தனியே விடக்கூடாது.

கிளறிற்றா


மிச்சம்
11.5.2003

என் அன்பு மச்சாளுக்கு,

போனேன். கோட்டின் முன்பக்கத்தை ஆம்புலன்ஸ்காரர் வெட்டியிருந்தார்கள். அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. கறுப்பு நூல் வாங்கித் தைத்து, ஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அவவின் பெயர் இலோனா. ஹங்கேரி நாட்டு மனிசி. அவவின் இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒன்றுக்கொன்று நொண்டி, அதனால் நல்லாய் ஒத்துப்போனது. தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் குடிக்கவில்லை. பாத்ரூமுக்குப் போகிற மாதிரிப் போய் அவருடைய சீப்பு, சவர பிளேட் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். பல்லு ஊறப் போட்ட கிளாஸ் ஒன்றுதான் இருந்தது. நான் திரும்பி வந்ததும் அவ சிரித்துக்கொண்டு, "அலுமாரியையும் பார், எமில்டா. உன் மனிசன் சொல்லியிருக்கிறார், நீ பார்ப்பாய் எண்டு" என்றா. வெட்கமாய்ப் போய்விட்டது.

மச்சாள், அது அவவின் அப்பாவின் கோட்டு. அப்பாவும் அம்மாவும் நாடகக்காரர்கள். அவ பிறக்க முந்தி, படங்களுக்குப் பேச்சு வராத காலத்தில், அங்கே படம் எடுக்கத் தொடங்கிய ஆட்களில் அவர்களும் இருந்தார்களாம். ஸ்டுடியோக்காரப் போட்டோப் பிடிக்கிறவர் ஒருவர் கையால் சுற்றுகிற கமெராவோடு வருவாராம். ஒரே கதியில் சுற்றவேண்டும் என்று வாய்க்குள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சுற்றுவாராம். வெயில் போனால் வேலை நின்றுவிடும். எல்லாரும் மரத்துக்குக் கீழே இருந்து பாணும் பன்றி இறைச்சி வத்தலும் சாப்பிட்டுக்கொண்டு மேகத்தைத் திட்டுவார்களாம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. வெளியில் நடப்பதை மட்டும்தான் படமாகப் பிடிப்பார்கள். ஆற்றங்கரை, குதிரை வண்டி, ஓட்டம், இதுகள். ஆள் ஓடிவந்து வீட்டுக் கதவைத் தட்டியவுடன் படத்தை நிற்பாட்டி லைட்டைப் போடுவார்கள். அதே ஆள், அதே கோட்டோடு, தியேட்டர் மேடைக்கு நேரே வந்து, வாயால் பேசி நடிப்பார். அந்தக் காட்சி முடிய லைட்டை அணைத்துத் திரும்பப் படம் ஓடும். சனம் அடிபட்டுக்கொண்டு பார்த்ததாம். படத்தில் முகம் வெள்ளையாகத் தெரிகிறபடியால் மேடைக்கு வருகிறவரும் வெள்ளை பூசத்தான் வேண்டும். இல்லாவிட்டால் "ஆள் மாறிப்போச்சு" என்று சனம் கத்துமாம்.

பிறகு சண்டை வந்து, ஒரு அரசாங்கம் போய் இன்னொரு அரசாங்கம் வந்து, படம் எடுத்த ஆட்கள் ஊர் ஊராக ஓடினார்கள். எங்களைப் போலத்தான். அவவின் அப்பா முந்திப் போய்க் கூப்பிடுகிறேன் என்று போனவர், கூப்பிடவில்லை, வரவும் இல்லை. தாய் சாகும்வரை அந்தக் கோட்டையும் ஒரு படப்பெட்டியையும் வைத்திருந்தாவாம். படச்சுருளை இங்கே மியூசியத்துக்குக் கொடுத்து ஒரு வீடியோக் கசெட் வாங்கியிருக்கிறா. அவர்கள் பார்த்துவிட்டு, இதில் பாதிதான் இருக்கிறது, கதை விளங்கவில்லை என்றார்களாம். மற்றப் பாதி ஒருநாளும் படமாக இருக்கவில்லை என்று அவவுக்குத்தான் தெரியும். அது ஆட்கள் நடித்தது.

உங்கள் தம்பி படி கூட்டப் போய், திறந்த கதவால் அந்தப் படம் ஓடுவதைக் கண்டு தும்புத்தடியோடு நின்றுவிட்டாராம். "நானும் ஊரிலை தியேட்டரிலை படம் ஓட்டினவன். மேடையிலும் ஆடினவன்" என்று சொன்னாராம். அப்படித் தொடங்கியதுதான் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்.

எனக்கும் போட்டுக் காட்டினா. தொப்பி காற்றில் பறக்க ஒரு வடிவான பெண் ஆற்றங்கரையால் ஓடுகிறாள். அது தாய். பின்னால் ஒருவர் ஓடிவருகிறார், இந்தக் கோட்டேதான். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிடுகிறாள். கதையில் அவளுக்கு அவர்மேல் சந்தேகம். அவர் தட்டுகிறார். அந்த இடத்தில் கசெட்டை நிற்பாட்டினா. இதற்குப் பிறகு யாக்கோப்பு வெளியில் போய் இந்த அறைக் கதவைத் தட்டுவார், நான் உள்ளே அம்மாவாக நிற்பேன் என்றா. ஹங்கேரிப் பேச்சு அவர் வாயில் வரவில்லையாம். "உன்ரை பாசையிலையே சொல்லு" என்றிருக்கிறா.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். என் சத்தம் எனக்கே நல்லாய் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு, ஞானோபதேச வகுப்புப் பிள்ளை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னா. தமிழில், மச்சாள். அவர் தொண்டையைச் செருமுகிறது, இருமுகிறது எல்லாம் அந்தந்த இடத்தில்.

"எமில்டா. இஞ்சரும். நான்தானப்பா. செயினைக் கழட்டும். கனதூரத்தாலை வாறன். முகம்தான் மாறிப்போச்சு, ஆள் மாறேல்லை."

அன்றைக்கு என் கதவில் நின்று சொல்லாமல் விட்டதை ஒன்றரை வருசமாக அந்தக் கதவுக்குச் சொல்லியிருக்கிறார். இலோனாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, காதால் கேட்டுப் பாடமாக்கியது. "உன்ரை பேர் மட்டும்தான் எனக்கு விளங்கினது" என்றா.

கடைசி ஞாயிறு தட்டினாராம். "எமில்டா" என்றாராம். பிறகு சத்தம் இல்லை. புதுவிதமாக நடிக்கிறார் என்று நினைத்து இவ உள்ளே காத்துக்கொண்டு நின்றிருக்கிறா. வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்த் திறக்க அவர் விழுந்து கிடந்தாராம். போன முறை என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கோட்டைக் கேட்டாவாம். நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

வெளிக்கிடும்போது அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. எனக்கு ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று தெரியாது. கொஞ்ச நேரம் உள்ளே நின்று, பிறகு திறந்தேன். வெளியில் ஒருவரும் இல்லை. அவர் கூட்டுகிற படி மட்டும் தெரிந்தது, மூன்று மாதத் தூசியோடு.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இனி உங்களைக் கேட்கமாட்டேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முத்துவெள்ளை பற்றிக் கேட்க நீங்கள் ஒருவராவது இருந்தீர்களே.

கல்காரருக்குப் போன் எடுத்து என் பெயருக்கு இடம் விடச் சொல்லிவிட்டேன்.

கதவுக்குச் செயின் போடுவதை விட்டுவிட்டேன் என்று பொய் எழுதமாட்டேன். லண்டன்தானே, தனிய இருக்கிறேன், போடத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் போடுவதில்லை.

உங்கள் தம்பியின்
எமில்டா