சாயங்காலம் ஏறும் கோடு

என் செல்லக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது,

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்பதுதான் வழக்கமாக அடுத்த வரி, இந்த முறை அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ நம் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் போன, பூமியின் காந்தத்தை அளக்கும் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அது உன் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கோடு தினமும் சாயங்காலம் படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறி, இருட்டும் நேரத்தில் இறங்கிவிடுகிறது, சூரியக் காற்று கிளப்பும் அலை என்றால் மெதுவாக ஆடி ஆடி வரும், இது அப்படி இல்லை, யாரோ இரும்புச் சாமானைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை நிறுத்துறாருன்னு எழுதிடு என்றார் அப்பா. நானும் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. அது பைக் இல்லை கண்ணு, அப்பாவின் சக்கர நாற்காலி.

பதறாமல் முழுக்கப் படி. நீ மாநாட்டில் பேசப் போன வாரம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொன்னா போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுவா, அவ பேசி முடிக்கட்டும் என்று என் வாயை அடைத்துவிட்டார். பிறகு இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. வீடியோவில் அவர் எப்போது பார்த்தாலும் கட்டிலில் சாய்ந்தபடியே பேசுகிறார் என்று நீ சோம்பேறிப் பட்டம் கொடுத்தாய், அவரும் சிரித்தார், நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெயில் தாழ வெளியே உட்கார வையுங்கள் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். இவர் கேட்டால்தானே. நாற்காலி முழுக்க இரும்பு, தோட்டத்துக்குப் போனால் பிள்ளையின் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று உள்ளறையிலேயே கிடந்தார். தைக்கிற அவசரத்தில் நான் கத்திரிக்கோலை இடுப்பில் செருகியபடி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாலே சண்டைக்கு வருபவர், உனக்குத் தெரியாததா. பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. கண்டக்டர் புத்தி, எதையும் பஸ்ஸில் ஏற்றித்தான் சொல்வார். சூரியன்லேருந்து ஒரு காத்து ஓயாம வருது, பூமியைச் சுத்தி இருக்குற காந்தம் அதை வழியிலேயே மறிக்குது, மோதினதுல கொஞ்சம் திரும்பி ஓடுது, ஏறுறவங்களும் இறங்குறவங்களும் படியில முட்டிக்கிட்டா வண்டியே ஆடும்ல, அப்படி அங்க கிளம்புற ஆட்டம்தான் நம்ம ரோஜாச் செடிக்குக் கீழ வந்து சேருது, என் பொண்ணு அதைத்தான் பிடிக்கிறா என்பார். கேஸ் போட வந்தவர் பாவம், சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று கேட்டார்.

அப்படிப் பேசிய மனுஷன் நாளாக ஆகப் பேச்சைக் குறைத்துவிட்டார், சாப்பாட்டையும் குறைத்துவிட்டார், முகம் வாடிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் கத்தக் கத்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் செடிகளுக்கு நடுவில் விட்டேன். நம் தோட்டம் என்ன மைதானமா, எங்கே விட்டாலும் உன் கருவிக்குப் பக்கம்தான். முதலில் முறைத்தார். அப்புறம் முகத்தில் வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உனக்கு இடைஞ்சல் என்று தெரிந்தேதான் செய்தேன், தினமும் செய்கிறேன். அந்த நேரத்துக் கணக்கைத் தள்ளிவிடு, இல்லையென்றால் கருவியை வேறு எங்காவது மாற்றிக்கொள். அவரை இனி உள்ளே அடைத்து வைக்க மாட்டேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு. உன் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று அவர் குன்றிப்போயிருக்கிறார், போனில் வந்தால் கருவியைப் பற்றிப் பேசாதே, இடுப்பு வலியைப் பற்றிக் கேள்.

அடுத்த வாரத்திலிருந்து பிசியோதெரபிப் பெண் அவரை அலுமினிய வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கப் போகிறாளாம். அலுமினியம் உன் கருவிக்குத் தெரியாதாம், அதில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் வேறு கவலை. ஒரு சாயங்காலம் உன் கோடு ஏறாமலே இருக்கும். அவர் நடந்திருக்கலாம், அலுப்பில் படுத்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், எங்களுக்கும் வயதாகிறது.

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நீடூழி வாழ வேண்டும். குளிரில் கழுத்தை மூடிக்கொள். கோடு ஏறாத அன்றைக்கு அதையே பார்த்துக்கொண்டு உட்காராமல் எனக்குப் போன் செய். எது நடந்திருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா