‘ஹல் தோ’ என்றால் ஒன்றரை

இஞ்சாருங்கோ,

சற்று முன் பாரிஸிலிருந்து மகள் அழைத்தாள். நாளை கைக்குழந்தையோடு வருகிறாளாம். விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டேன். டென்மார்க்கில் வளர்ந்தவள், வழக்கம்போல டெனிஷ் மொழியில், "ஹல் தோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தலையைச் சொறிந்திருப்பீர்கள்.

எண்பதுகளின் நடுவில், கலியாணப் பேச்சு முற்றாகாத நேரம், உங்களை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். பாரிஸில் என்னைத் தன் வீட்டில் தங்க வைத்திருந்த அண்ணை, போகவர டிக்கெட் எடுத்துத் தந்தார். "ஆள் வரேல்லையெண்டால் யோசியாதை. அடுத்த பிளேனிலை திரும்பி வா" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆயிரம் கிலோமீற்றர் என்று பயந்துகொண்டு ஏறினேன். இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை, கோப்பன்ஹேகன் வந்துவிட்டது. ஊரில் கொழும்புக்கு ரயிலில் போக ஒரு பகல் வேண்டும்.

விமான நிலையத்தில் எல்லோரையும் யாரோ கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னைத் தேட ஒருவரும் இல்லை. அவமானத்தில் அழுகை முட்டியது. காத்திருந்து அலுத்து, திரும்பிப் போகும் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கவுண்டரில் போய் நின்றேன்.

அப்போதுதான் வந்தீர்கள். ஓடிவரவில்லை, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை நடை!

"பிளேன் முந்தி வந்திட்டுதோ?"

"ஒண்டரைக்கே வந்திட்டன்."

"இல்லையே, போன் பண்ணிக் கேட்டனான். ஹல் தோ எண்டுதான் சொன்னவை. ஹல் எண்டால் அரை, தோ எண்டால் ரெண்டு. ரெண்டரை!"

‘ஹல் தோ’ மட்டும் காதில் விழுந்த கவுண்டர்ப் பெண் மணிக்கூட்டைக் காட்டி விளக்கினாள். இரண்டு அடிக்க இன்னும் அரை மணி இருக்கிறது என்பதைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்களாம். உங்கள் முகம் செத்துப்போனது. முதல் நாளே உங்கள் ஊரான ஹேர்னிங்கிலிருந்து ரயிலும் கப்பலுமாக வந்து, சிநேகிதனின் அறையில் ஆறுதலாகச் சேட்டை அயன் பண்ணிக்கொண்டு இருந்தீர்களாம்.

"முதல் நாளே வந்தும் பிந்திப் போனனே" என்றீர்கள். கண்ணீரோடு சிரித்தேன். டிக்கெட் கைப்பைக்குள் திரும்பிப் போனது.

"உங்கடை ஊர் எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான்."

பொய். பாரிஸிலிருந்து பறந்து வந்ததைவிடக் கனநேரம் எடுத்தது. ஆனால் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தோம், எனக்குத் தூரம் தெரியவில்லை.

அதன் பிறகு நீங்கள் எதற்கும் பிந்தியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டமோ பல் வைத்தியரோ, கதவு திறக்க முன்னரே போய் நிற்பீர்கள். கடைசியில் போவதிலும் முந்திக்கொண்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாளை விமானம் பக்கத்துப் பில்லுண்டு விமான நிலையத்துக்கே வருகிறது. இது உண்மையாகவே கிட்டத்தான். நான் பன்னிரண்டரைக்கே போய் நிற்பேன். எங்கள் பேத்தி முதன்முதலாக வருகிறாள். கதவு திறக்கும்போது அவளைத் தேடி ஒரு முகம் அங்கே நிற்க வேண்டும். அன்று நீங்கள் பிந்திய அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பதிலாக, நாளை உங்களுக்காக நான் முந்தி நிற்கிறேன்.